பெயர் மாறியதும் ஆள் வந்தது

ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் ம்பாரே என்றொரு நெரிசலான பகுதி இருக்கிறது. 2006ல் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் அங்கே ஒரு வேலையை ஆரம்பித்தார். அவர் கையில் பணம் கிடையாது. சுகாதார நிலையத்துக்குள் அவருக்கென்று ஓர் அறையும் கிடைக்கவில்லை. கிடைத்தது 14 பாட்டிகள். அந்தப் பகுதியில் ஏற்கெனவே சுகாதாரத் தொண்டர்களாக இருந்தவர்கள், எல்லோருக்கும் தெரிந்த முகங்கள். வெளியே ஒரு மர பெஞ்சைப் போட்டு, மனம் சரியில்லாதவர்கள் வந்து உட்காரலாம், பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார் என்று ஏற்பாடு செய்தார். அதற்கு வைத்த பெயர் ‘மனநல பெஞ்சு’.

உட்கார ஆள் வரவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் பாட்டிகள்தான். இந்தப் பெயர் இருக்கும்வரை யாரும் இதில் உட்கார மாட்டார்கள் என்றார்கள். அதன் பிறகு அது ‘நட்பு பெஞ்சு’ ஆனது. அதே பெஞ்சு, அதே பாட்டிகள், அதே பேச்சு. இப்போது ஆட்கள் வந்தார்கள். பின்னால் 24 சுகாதார நிலையங்களில் 573 பேரை வைத்து முறையான ஆய்வும் நடந்தது, 2016ல் முடிவுகள் வெளிவந்தன. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிடப் பாட்டிகளிடம் பேசியவர்களுக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் தெளிவாகக் குறைந்திருந்தன.

பெயர்ப்பலகையில் ஒரு சொல் மாறியதற்கே ஆள் வருகிறார் என்றால், அந்தப் பழைய சொல்லில் ஏதோ ஒட்டியிருந்திருக்கிறது. நோய் வேறு, அதன் மேல் ஒட்டியிருக்கும் இது வேறு. டாக்டர்கள் இதை ‘ஸ்டிக்மா’ என்பார்கள். தமிழில் களங்கம், இழிவு என்றெல்லாம் எழுதுகிறோம். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

சொல்லின் வேர் கிரேக்கம். அடிமையின் உடம்பிலும் குற்றவாளியின் உடம்பிலும் குத்தி வைக்கும் அடையாளத்துக்கு அந்தப் பெயர். பார்த்தவுடன் ‘இவன் இன்னான்’ என்று தெரிந்துவிட வேண்டும், விலகிப் போக வேண்டும், அதற்குத்தான். எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1963ல் இந்தப் பழைய சொல்லை எடுத்து விரித்து எழுதினார். உடம்பில் சூடு போடாமலேயே ஒரு சமூகம் ஒருவர் மேல் முத்திரை குத்த முடியும் என்றார். அந்த முத்திரை விழுந்ததும் ஆள் மறைந்து முத்திரை மட்டும் தெரிய ஆரம்பிக்கும். ஒருவர் கணக்காளர், நல்ல பாடகர், மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன், பிடிவாதக்காரர் என்று பலவாக இருப்பார். மனநோய் என்று தெரிந்த நாளிலிருந்து அவர் ‘மனநோயாளி’ மட்டும்தான். அவர் கோபப்பட்டால் நோய், சிரித்தால் நோய், சம்பள உயர்வு கேட்டாலும் நோய்.

இதில் மூன்று சரடுகள் முறுக்கிக் கிடக்கின்றன. முதலாவது தெரியாமை: நோயைப் பற்றித் தப்பாகவோ அரைகுறையாகவோ தெரிந்து வைத்திருப்பது. இரண்டாவது வெறுப்பும் பயமும். மூன்றாவது நடத்தை: வேலை கொடுக்காதது, வீடு வாடகைக்குத் தராதது, சம்பந்தம் பேச மறுப்பது. பலரும் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு, ‘மக்களுக்குப் புரிய வைத்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும்’ என்று கிளம்புகிறார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஏன் போதாது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முத்திரை நோயாளியோடு நிற்பதில்லை. அண்ணனுக்கு நோய் என்றால் தங்கையின் கல்யாணப் பேச்சு நின்றுபோகும், அம்மாவின் வளர்ப்பைச் சந்தேகிப்பார்கள். கடைசியில் அது உள்ளேயும் இறங்கிவிடும். ஊர் என்ன சொல்கிறதோ அதையே நோயாளி தனக்குத் தானே சொல்லிக்கொள்ள ஆரம்பிப்பார். ‘நான் எதற்கு வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும், என்னால் ஆகாது’ என்று. ஊர்க்காரர்கள் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. அவர்கள் சொல்லப்போவதை இவரே முன்கூட்டி ஒப்புக்கொண்டாகிவிட்டது.

மருத்துவமனையும் இதற்கு விலக்கில்லை. பழைய சீட்டில் மனநோய் என்று எழுதியிருப்பவர் நெஞ்சுவலி என்று போய் நின்றால், ‘பதற்றமாக இருக்கும், போய் ஓய்வெடுங்கள்’ என்று அனுப்பிவிடுகிற ஆபத்து உண்டு. ஈ.சி.ஜி. எடுக்க வேண்டிய இடத்தில் ஆறுதல் மட்டும் கிடைக்கும். கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் பெரும்பகுதி இதயநோய் போன்ற, தடுத்திருக்கக்கூடிய உடல்நோய்களால் நிகழ்வது. புகைப்பழக்கம், வறுமை, மருந்தின் பக்கவிளைவுகள் எல்லாம் இதில் சேரும். சொல்வதைக் காதில் வாங்காத மருத்துவமும் சேரும்.

சரி, இது எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதானா? வலி ஏறக்குறைய ஒன்றுதான். அதைச் சொல்லும் மொழி ஒன்றல்ல.

1980ல் ஆர்தர் கிளைன்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் சீனாவின் ஹூனான் மாகாணத்துக்குப் போனார். அங்கே மனநலப் பிரிவுக்கு வந்தவர்களில் ஏராளமானவர்களுக்கு எழுதப்பட்டிருந்த நோய், ‘நரம்புத் தளர்ச்சி’ என்று நாம் சொல்கிற அதே பொருள் கொண்ட சீனச் சொல். தலைவலி, தூக்கமின்மை, தலைசுற்றல், அசதி என்றுதான் நோயாளிகள் சொன்னார்கள். சோகமாக இருக்கிறது என்று வந்தவர்கள் மிகக் குறைவு. அவர் 100 பேரை விரிவாகப் பரிசோதித்தார். அவர்களில் 87 பேருக்கு, அமெரிக்க அளவுகோலின்படி கடுமையான மனச்சோர்வுக்குரிய அடையாளங்கள் இருந்தன.

‘பாவம், அவர்களுக்குத் தங்கள் மனசு தெரியவில்லை’ என்று இதைப் படிப்பது எளிது. ஆனால் அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். கலாசாரப் புரட்சி ஓய்ந்து சில வருடங்களே ஆகியிருந்தன. ‘எனக்கு வாழப் பிடிக்கவில்லை’ என்று ஒருவர் சொன்னால், அது அரசியல் சிந்தனையில் கோளாறு என்று எடுத்துக்கொள்ளப்பட்ட வருடங்கள் அவை. தலைவலிக்கு அரசியல் கிடையாது. தலைவலி என்று சொன்னால் விடுப்பு கிடைக்கும், வேலை மாற்றம் கேட்கலாம், வீட்டில் அனுதாபமும் வரும். உடம்பின் மொழியில் பேசியவர்கள் அறியாதவர்களாக இருக்க வேண்டியதில்லை. தங்களுக்குத் திறந்திருந்த ஒரே கதவைத் தட்டியிருக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நரம்புத் தளர்ச்சி ஏதோ கீழை நாட்டுக் கற்பனை என்று நினைத்துவிட வேண்டாம். அந்த நோய்ப் பெயரை 1869ல் பிரபலமாக்கியவர் ஜார்ஜ் பியர்ட் என்ற நியூயார்க் மருத்துவர். அங்கிருந்து அது உலகம் சுற்றியது. கிளைன்மன் ஹூனான் போன அதே 1980ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியல் அந்தப் பெயரைக் கைவிட்டது. ஏற்றுமதி செய்தவர்கள் கடையை மூடிய பிறகும் சரக்கு இங்கே ஓடிக்கொண்டிருந்தது. தமிழில் இன்றும் ஓடுகிறது, அதுவும் எந்தெந்த விளம்பரங்களில் என்று உங்களுக்கே தெரியும்.

ம்பாரேயிலும் இதே கதைதான். ஷோனா மொழியில் ‘குஃபுங்கிசிசா’ என்று ஒரு சொல் இருக்கிறது. அளவுக்கு மீறி யோசித்துக்கொண்டே இருப்பது என்று பொருள். பாட்டிகள் ‘உனக்கு மனச்சோர்வு இருக்கிறதா?’ என்று ஆரம்பிப்பதில்லை. ஷோனா மொழியிலேயே உருவாக்கிய 14 கேள்விகள் அவர்களிடம் உண்டு. போன வாரத்தில் பலதையும் ஆழமாக யோசித்துக்கொண்டே கிடந்த நேரம் உண்டா என்பதுபோலப் போகும் அவை. ‘மண்டைக்குள்ளே ஓடிக்கிட்டே இருக்கு’ என்று நாம் சொல்கிறோமே, அதற்குப் பக்கத்து வீட்டுச் சொல் இது. நோயின் பெயரை ஒப்புக்கொள்ளாதவர்கூட யோசனை ஓடுவதை ஒப்புக்கொள்வார்.

இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். நோய்க்கு வைக்கும் பெயரோடு சேர்ந்து, நோய் தோன்றும் உருவமும் இடத்துக்கு இடம் மாறுமா? தான்யா லூர்மன் என்ற மானுடவியலாளரும் அவர் குழுவினரும், மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயால் காதில் குரல் கேட்பவர்களிடம் பேசிப் பார்த்தார்கள். கலிபோர்னியாவின் சான் மத்தேயோ, கானாவின் அக்ரா, சென்னை என்று மூன்று இடங்களில் தலா 20 பேர். அமெரிக்கர்களில் பலருக்குக் கேட்ட குரல்கள் முகம் தெரியாதவை, வன்முறை பேசுபவை. தங்கள் மூளை பழுதாகிவிட்டதன் அடையாளம் என்றே அவர்கள் அந்தக் குரல்களைக் கருதினார்கள். அக்ராவில் பலருக்குக் கேட்டது கடவுளின் குரல். சென்னையில் பாதிப் பேருக்கு மேல் கேட்டது சொந்தக்காரர்களின் குரல். அந்தக் குரல் திட்டும், அதட்டும், கூடவே போய்க் குளி, சமை என்று வேலையும் ஏவும்.

‘அப்படியானால் நம் ஊரில் நோய் சுகமானது’ என்று யாரும் கிளம்ப வேண்டாம். 60 பேரை வைத்து அப்படியெல்லாம் சொல்ல முடியாது. சென்னையிலும் கொடுமையான குரல்களைக் கேட்டவர்கள் இருந்தார்கள். நான் இதில் எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான். குரல் கேட்கிறவர் அதை ‘அத்தை திட்டுகிறாள்’ என்று எடுத்துக்கொள்கிறாரா, ‘நான் உடைந்துபோய்விட்டேன்’ என்று எடுத்துக்கொள்கிறாரா என்பதற்கு அவரைச் சுற்றியுள்ள மனிதர்களும் காரணம். தன் நோயோடு அவருக்கு இருக்கும் உறவே அதனால் மாறுகிறது.

இப்போது முன்னே பாக்கி வைத்த விஷயம். பேய், செய்வினை, பாவத்தின் சம்பளம் என்று நம்புகிற சமூகங்களில்தான் களங்கம் இருக்கும், அறிவியல் தெரிந்த இடத்தில் இருக்காது என்று ஒரு நினைப்பு உண்டு. அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. ‘மனநோய் மற்ற நோய்களைப் போல ஒரு நோய், மூளையில் ஏற்படும் ரசாயனக் கோளாறு’ என்று பல ஆண்டுகள் பிரசாரம் நடந்தது. 1996லும் 2006லும் பொதுமக்களிடம் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒப்பிட்டார்கள். பிரசாரம் ஜெயித்திருந்தது. மூளைக் கோளாறு என்று ஒப்புக்கொண்டவர்கள் கூடியிருந்தார்கள், சிகிச்சை வேண்டும் என்றவர்களும் கூடியிருந்தார்கள். ‘உங்கள் பக்கத்து வீட்டில் அவர் குடிவரலாமா, உங்களோடு வேலை செய்யலாமா?’ என்ற கேள்விகளுக்கு வந்த பதில் மட்டும் இளகவில்லை. 2018 கணக்கெடுப்பில் மனச்சோர்வு உள்ளவர்களை ஏற்றுக்கொள்ளும் மனம் ஓரளவு கூடியது. மனச்சிதைவு உள்ளவர்கள் ஆபத்தானவர்கள் என்ற எண்ணமோ முன்பைவிட வளர்ந்திருந்தது.

ஏன் இப்படி? ‘மூளையிலேயே கோளாறு’ என்று சொன்னதும் பழி குறைகிறது, உண்மைதான். அவர் செய்த தப்பு இல்லை என்று ஆகிறது. அதே நேரத்தில், ‘அப்படியானால் இது மாறவே மாறாது, எந்த நேரத்தில் என்ன செய்வாரோ’ என்ற பயமும் ஏறிக்கொள்கிறது. பேய் பிடித்ததென்று சொல்கிற ஊரில், பேய் போகவும் செய்யும் என்ற நம்பிக்கையாவது மிச்சம் இருக்கிறது. பேயோட்டச் சொல்லி நான் வாதாடவில்லை. விளக்கம் விஞ்ஞானமாக இருந்தாலே விலக்கிவைப்பது நின்றுவிடும் என்ற கணக்கு தப்பு என்கிறேன்.

ஆபத்து என்ற இந்தப் பயத்தைப் பற்றி ஒரு வரி. மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் யார்மேலும் கைவைப்பதில்லை. அவர்கள் அடி வாங்குவதுதான் அதிகம். அமெரிக்காவில் நடக்கும் வன்முறையில் கடுமையான மனநோய் காரணமாக இருப்பது சுமார் 4% என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். செய்தித் தலைப்புகளை மட்டும் படிப்பவர் இந்த எண்ணை நம்ப மாட்டார்.

கலாசாரம் கலாசாரம் என்று பேசும்போது ஓர் இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. இந்தோனேசியாவில் ‘பாசுங்’ என்று ஒரு வழக்கம் உண்டு. மனநோய் உள்ளவரைச் சங்கிலியாலோ மரக்கட்டையாலோ பிணைத்து, கொட்டகையில் அடைத்து வைப்பார்கள். 1977லேயே அரசு தடை செய்தும் முற்றாக ஒழியவில்லை. சங்கிலி போடுவது சுமார் 60 நாடுகளில் நடக்கிறது என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 2020ல் அறிக்கை வெளியிட்டது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் இருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், எந்த முறையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது.

இதையெல்லாம் வெறும் மூடநம்பிக்கைக் கணக்கில் எழுதுவது வசதி. பிணைத்துவைத்த வீடுகளுக்குள் போய்ப் பார்த்தவர்கள் கண்டது வேறு. ஓடிப்போய்விடுவானோ என்று பயந்த தாய், பகலெல்லாம் வேலைக்குப் போக வேண்டிய தகப்பன், பக்கத்தில் மருத்துவரே இல்லாத கிராமம். சிபாண்டாவை அந்த பெஞ்சுக்குத் தள்ளியதும் இப்படியொரு சம்பவம்தான். அவரிடம் சிகிச்சையில் இருந்த ஓர் இளம்பெண் தற்கொலை செய்துகொண்டார். மருத்துவமனைக்கு வந்துபோக வேண்டிய 15 டாலர் பேருந்துக் கட்டணம் அந்தக் குடும்பத்தின் கையில் இருக்கவில்லை. பேருந்துக்குக் காசு இல்லாதவரைப் பார்த்து ‘உங்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

பெயரை மாற்றுவது பலன் தருமா? ம்பாரேயில் தந்தது. ஜப்பானில் ஒரு நாடே செய்து பார்த்தது. மனச்சிதைவுக்கு அங்கே இருந்த பழைய பெயருக்கு ‘மனம் பிளவுபடும் நோய்’ என்று பொருள். அந்தப் பெயரை நோயாளியிடம் சொல்ல மருத்துவர்களுக்கே வாய் வரவில்லை. நோயாளிகளின் குடும்பங்கள் சேர்ந்து 1993ல் பெயரை மாற்றச் சொல்லிக் கேட்டன. 2002ல் அது ‘ஒருங்கிணைவு தடுமாறும் நோய்’ என்ற பொருளில் மாறியது. அந்த ஆண்டு தங்கள் நோய் இன்னதென்று மருத்துவர் வாயால் கேட்டிருந்த நோயாளிகள் சுமார் 37%. இரண்டே ஆண்டில் சுமார் 70% ஆனார்கள். தனக்கு என்ன நோய் என்று தெரியாமலேயே மருந்து விழுங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. தென் கொரியாவும் பிறகு பெயரை மாற்றிக்கொண்டது. ஆனால் புதுப்பெயரும் பழசாகும். தமிழில் ‘பைத்தியம்’ போய் ‘மனநோயாளி’ வந்தது. இப்போது அதையே வசவாகச் சொல்லிக் கேட்கிறேன். பழைய சாக்கடை புதுத் தொட்டியிலும் வந்து சேரத்தான் செய்கிறது.

ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் நிற்கிற ஒரே மருந்து, நேரில் பழகுவதுதான். நோய் வந்து அதோடு வாழ்கிற ஒருவரோடு சேர்ந்து வேலை செய்வது, பேசுவது, சண்டை போடுவது. களங்கத்தைக் குறைப்பதில் இப்படி நேரில் பழகுவதற்கு நிகராக வேறெதுவும் தெரியவில்லை என்றுதான் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணைக்குழுவும் 2022ல் சொன்னது. மேடையில் நிபுணர் பேசுவதைவிட, பக்கத்து நாற்காலிக்காரர் ‘எனக்கும் இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன், சரி, அந்தக் கோப்பு எங்கே?’ என்று கேட்பது ஆழமாக இறங்கும்.

பழகுவது என்றால் எப்படி இருக்கும்? கிளைன்மன் நோயாளிகளிடம் கேட்கச் சொன்ன கேள்விகள் சில உண்டு. உங்கள் பிரச்சினையை நீங்கள் என்ன பெயர் சொல்லி அழைக்கிறீர்கள்? எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? இந்த நேரத்தில் ஏன் ஆரம்பித்தது? இதில் உங்களுக்கு எதைக் கண்டு அதிகம் பயம்? மருத்துவர்களுக்காக எழுதியவைதான். ஆனால் தம்பியிடமோ தோழியிடமோ கேட்கவும் இவற்றைவிட நல்ல கேள்விகளை நான் பார்த்ததில்லை. பதில் ‘செய்வினை’ என்று வந்தால் உடனே திருத்தப் போகாமல் முழுசாகக் கேட்டு முடிக்க வேண்டும். அதுதான் கஷ்டம்.

பெல்ஜியத்தில் கீல் என்று ஓர் ஊர் இருக்கிறது. டிம்ஃப்னா என்ற புனிதையின் கோயில் மனநோயைக் குணப்படுத்தும் என்று நம்பி நடுக்காலத்தில் மக்கள் அங்கே வர ஆரம்பித்தார்கள். கோயிலில் இடம் போதாமல் ஊர்க்காரர்கள் தங்கள் வீடுகளில் தங்கவைத்தார்கள். அந்தப் பழக்கம் நூற்றாண்டுகளாகத் தொடர்ந்து, 1930களின் இறுதியில் சுமார் 3,700 பேர் கீல் குடும்பங்களோடு வாழ்ந்தார்கள். அவர்களை நோயாளி என்று ஊரார் சொல்வதில்லை, வீட்டில் தங்கியிருப்பவர் என்றுதான் சொல்வார்கள். என்ன நோய் என்றும் அந்தக் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடுகளாகிவிட்டதாலும் வேறு காரணங்களாலும் இன்று அந்த எண்ணிக்கை சில நூறுக்குள் வந்துவிட்டது.

அங்கே ஒரு வீட்டில் தங்கியிருந்தவருக்குச் சுவரிலிருந்து சிங்கங்கள் வருவதாகத் தோன்றுமாம். சிங்கம் இல்லை என்று அந்த வீட்டு அம்மாள் வாதாடவும் இல்லை, மருத்துவமனைக்கு ஆளனுப்பவும் இல்லை. சிங்கங்களைத் துரத்துவதுபோல ஒரு சுற்று துரத்தினார். சிங்கங்கள் போய்விட்டன. மறுபடி வந்தபோதெல்லாம் மறுபடி துரத்தினார்.